பால் வெட்டிய விரலும் ஹேண்ட்போனும்: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி பேரப்பிள்ளைகளின் கையெழுத்தில் இருக்கின்றன. தாத்தாவோ பாட்டியோ சொல்லச் சொல்ல எழுதியிருக்கிறார்கள், படிக்கவே சந்தோஷமாக இருந்தது. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரியவர்களோடு உட்கார்ந்து ஹேண்ட்போன் சொல்லிக்கொடுக்கும்போது என்னிடம் கேட்பதும் இதே கேள்விகள்தான். நிறையப் பேர் பயந்து பயந்து தொடுகிறார்கள். தெரியாமல் எதையாவது தட்டிவிட்டால் போன் கெட்டுப்போகாது, பின்னால் போகும் (பேக்) பொத்தானை அழுத்தினால் பெரும்பாலும் பழைய இடத்துக்கே வந்துவிடலாம். பயப்பட வேண்டிய இடம் வேறு, அதுவும் கீழே வருகிறது.

கேள்வி: 38 வருடம் கித்தா (ரப்பர்) மரத்தில் பால் வெட்டினேன், இப்போது வயது 71. மகள் வாங்கிக் கொடுத்த போனில் என் விரல் ரேகை பதியவே மாட்டேன் என்கிறது. தட்டினாலும் சில நேரம் ஒன்றும் நடப்பதில்லை. மற்றவர்கள் தட்டினால் மட்டும் கேட்கிறது. என் கையில் என்ன குறை?

ஐயா, உங்கள் கையில் குறை எதுவும் இல்லை, 38 வருட வேலை இருக்கிறது. உளி பிடித்துப் பிடித்து, பால் பிடிக்கும் மங்கு துடைத்து, பால் உறைய ஊற்றும் ஆசிட்டில் கைபட்டு ரேகை தேய்ந்திருக்கும். வயதாகும்போது தோல் வறண்டு ரேகை இன்னும் மேலோட்டமாகிவிடும். வங்கி கவுண்டரில் அடையாள அட்டையோடு கட்டைவிரல் வைக்கச் சொல்லும்போதும் நம் தோட்டத்து ஆட்கள் பலருக்கு இதே சிரமம்தான், நீங்கள் தனியாள் இல்லை.

ரேகைக்கு முதலில் இடது கை விரல்களை வைத்துப் பாருங்கள். உளியை அழுத்திப் பிடிக்காத சுண்டுவிரல், மோதிரவிரல் ஆகியவற்றில் ரேகை ஓரளவு மிஞ்சியிருக்கும். பதிந்தால் அதே விரலை இரண்டாவது தடவையும் பதிவு செய்யுங்கள், போன் அடையாளம் கண்டுபிடிக்கக் கூடுதல் வாய்ப்பு கிடைக்கும். எதுவுமே பதியவில்லை என்றால் விட்டுவிடுங்கள், 6 இலக்கப் பின் நம்பர் போதும், அதில் ஒரு குறைச்சலும் இல்லை. பிறந்த தேதியை மட்டும் நம்பராக வைக்காதீர்கள்.

அடுத்து, தட்டினால் கேட்காத விஷயம். போன் கண்ணாடி நீங்கள் எவ்வளவு பலமாக அழுத்துகிறீர்கள் என்று பார்ப்பதில்லை. கண்ணாடிக்குக் கீழே மிகச் சிறிய அளவில் மின்சாரம் இருக்கும், விரல் பட்டதும் அது மாறும், அந்த மாற்றத்தை வைத்துத்தான் விரல் எங்கே பட்டது என்று போன் தெரிந்துகொள்கிறது. தோல் காய்த்துத் தடித்து, வறண்டும் இருந்தால் அந்த மாற்றம் சரியாகத் தெரியாது. அதனால் கையைக் கழுவித் துடைத்துவிட்டு உடனே தட்டிப் பாருங்கள், தோலில் கொஞ்சம் ஈரப்பசை இருக்கும்போது நன்றாகவே கேட்கும். சொட்டச் சொட்ட ஈரம் இருந்தால் அதுவும் கெடுதல். காய்ப்பு இருக்கும் இடத்தை விட்டு விரலின் பக்கவாட்டால் தொடலாம். கண்ணாடிமேல் தடிமனாக ஒட்டியிருக்கும் பாதுகாப்புத் தாளை மாற்றினாலும் பலன் இருக்கும். சாம்சங் மாதிரிச் சில போன்களில் செட்டிங்ஸ், டிஸ்பிளே உள்ளே டச் சென்சிட்டிவிட்டி என்று ஒன்று இருக்கிறது, அதைப் போட்டுவிடுங்கள். அப்படியும் சரிவரவில்லையென்றால் நுனியில் ரப்பர் வைத்த பேனா கடைகளில் சில வெள்ளிக்கு (ரிங்கிட்) கிடைக்கும்.

இன்னொன்றும் உண்டு. தட்டுவது வேறு, அழுத்திப் பிடிப்பது வேறு. விரலைக் கொஞ்சம் அதிக நேரம் வைத்துவிட்டால் போன் வேறு ஏதோ பட்டியலைத் திறந்து காட்டும், நாம் குழம்பிப்போவோம். பட்டையில் உளி கொஞ்சம் ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம் என்று உங்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை, அந்த அளவு கைக்கே தெரியும். இதுவும் அப்படித்தான், பட்டதும் எடுத்துவிட வேண்டும். பழகும்வரை செட்டிங்ஸில் அக்செசிபிலிட்டி என்ற பகுதிக்குப் போய், டச் அண்ட் ஹோல்ட் என்பதை லாங் என்று மாற்றிக்கொள்ளுங்கள், விரல் கொஞ்சம் தாமதித்தாலும் போன் பொறுத்துக்கொள்ளும்.

கேள்வி: நேற்றிலிருந்து என் போன் தானாகப் பேசுகிறது. எதைத் தொட்டாலும் அதைப் படித்துக் காட்டுகிறது, ஆனால் திறக்க மாட்டேன் என்கிறது. யாரோ போனுக்குள் புகுந்துவிட்டார்களா?

யாரும் புகவில்லை அம்மா. அது டாக்பேக் என்ற வசதி, பார்வை இல்லாதவர்களுக்காக வைத்திருக்கிறார்கள். பக்கவாட்டில் இருக்கும் சத்தம் கூட்டுகிற பொத்தானையும் குறைக்கிற பொத்தானையும் சேர்த்துப் பிடித்தால் பல போன்களில் அது வந்துவிடும், பையில் போடும்போது பிடித்திருப்பீர்கள். அதே மாதிரி இரண்டையும் சேர்த்து 3 விநாடி பிடியுங்கள், போய்விடும். போகாவிட்டால் செட்டிங்ஸ், அக்செசிபிலிட்டி, டாக்பேக் என்று உள்ளே போய் நிறுத்த வேண்டும். ஒரு சூட்சுமம், டாக்பேக் ஓடும்போது ஒரு தட்டு தட்டினால் படிக்க மட்டும் செய்யும், திறக்க இரண்டு தட்டு வேண்டும், பக்கத்தை மேலே கீழே தள்ள இரண்டு விரல் வேண்டும். இது தெரியாமல்தான் நிறையப் பேர் நல்ல போனைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள்.

கேள்வி: பழைய போனில் இன்டர்நெட் வந்துகொண்டிருந்தது, இப்போது பேச மட்டும்தான் முடிகிறது. ரிப்பேரா?

இல்லை. நம் நாட்டில் 2021 டிசம்பரோடு 3ஜி சேவையை நிறுத்திவிட்டார்கள். உங்களுடையது 3ஜி போனாக இருந்தால் பேச்சு 2ஜியில் போகும், இன்டர்நெட் வராது. ரிப்பேருக்குக் காசு செலவழிக்க வேண்டாம், 4ஜி போன் வாங்குங்கள்.

கேள்வி: கோயிலில் பழக்கமான ஒருவரின் நம்பரிலிருந்து, "தவறுதலாக உங்களுக்கு 6 எண் வந்துவிட்டது, அனுப்புங்கள்" என்று வாட்ஸ்அப்பில் கேட்டார்கள். அனுப்பிவிட்டேன். பிறகு என் பெயரில் எல்லோரிடமும் பணம் கேட்டிருக்கிறார்கள். வெளியில் தலைகாட்ட வெட்கமாக இருக்கிறது.

வெட்கப்பட வேண்டியவர் நீங்கள் இல்லை, ஐயா. அந்த 6 எண்தான் உங்கள் வாட்ஸ்அப்பின் வீட்டுச் சாவி. கேட்டவரின் வாட்ஸ்அப்பையும் யாரோ அதே மாதிரிப் பறித்திருப்பார்கள், அதனால்தான் தெரிந்த பெயரில் வந்தது.

திரும்ப எடுக்கலாம். வாட்ஸ்அப்பில் உங்கள் நம்பரைப் போட்டு மறுபடி பதிவு செய்யுங்கள், எஸ்எம்எஸ்ஸில் புது எண் வரும், அதைப் போட்டதும் திருடன் தானாக வெளியேறிவிடுவான். நீங்கள் வைக்காத பின் நம்பரைக் கேட்டால் அவன் பூட்டு போட்டிருக்கிறான் என்று அர்த்தம், 7 நாள் பொறுத்தால் அந்தப் பின் இல்லாமலே நுழையலாம், அதுவரை அவனும் உள்ளே இருக்க முடியாது. கணக்கு கைக்கு வந்ததும் செட்டிங்ஸ், அக்கவுண்ட், டூ ஸ்டெப் வெரிபிகேஷன் என்று போய் உங்கள் சொந்தப் பின் ஒன்றை வைத்துவிடுங்கள். சொந்தக்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் எழுதாமல் போன் போட்டுப் பேசிச் சொல்லுங்கள், உங்கள் குரலை அவர்கள் நம்புவார்கள்.

இதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது, மற்றவர்களும் கவனியுங்கள். கல்யாணப் பத்திரிகை என்று வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பு வரும். பத்திரிகை என்றால் படமாகவோ பிடிஎஃப்பாகவோ இருக்க வேண்டும், திறந்தால் இன்ஸ்டால் செய்யவா என்று கேட்கக்கூடாது. பெயரின் கடைசியில் ஏபிகே என்று இருந்தால் தொடவே தொடாதீர்கள். அது உள்ளே ஏறினால் பணப் பரிமாற்றத்தை உறுதிசெய்ய வங்கி அனுப்பும் டேக் நம்பரையும் படித்துவிடும். ஏற்றிவிட்டீர்கள் என்றால் உடனே ஏரோப்ளேன் மோடைப் போட்டு இன்டர்நெட்டை அறுங்கள், வேறு போனிலிருந்து உங்கள் வங்கிக்கும் தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 எண்ணுக்கும் கூப்பிடுங்கள், அப்புறம் போலீஸ் புகார். பிள்ளைகள் திட்டுவார்கள் என்று மறைத்து வைப்பதில்தான் நேரம் போகிறது, பணமும் போகிறது. பிள்ளைகளுக்கும் சொல்கிறேன், தயவுசெய்து அந்த நேரத்தில் திட்டாதீர்கள்.

கேள்வி: மழை, இடி வந்தால் போனை அணைத்துப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறேன். சரிதானே?

அணைக்க வேண்டியதில்லை, போன் மின்னலை இழுக்காது. ஆபத்து சார்ஜர் வயரில்தான் இருக்கிறது. பக்கத்தில் மின்னல் விழுந்தால் மின்கம்பி வழியாக வீட்டுக்குள் பாயும், சார்ஜில் இருக்கும் போனைக் காதில் வைத்திருந்தால் உயிருக்கே ஆபத்து. பிளக்கைக் கழற்றிவிட்டுப் பேசுங்கள். இன்னொரு பழக்கத்தையும் விட்டுவிடலாம், பேட்டரி முழுதாகத் தீர்ந்த பிறகுதான் சார்ஜ் போட வேண்டும் என்பது அந்தக் காலத்துப் பேட்டரிக்குச் சொன்னது. இப்போதைய லித்தியம் பேட்டரிக்கு 20 சதவீதம் இருக்கும்போதே போடுவது நல்லது. தலையணைக்கு அடியில் வைத்துச் சார்ஜ் போடாதீர்கள், சூடு வெளியே போக வழியிருக்காது.

கேள்வி: எனக்குத் தமிழ் மட்டும்தான் எழுதப் படிக்கத் தெரியும். போன் முழுக்க இங்கிலீஷ்.

போனையே தமிழுக்கு மாற்றிவிடலாம் அம்மா, செட்டிங்ஸில் லாங்குவேஜ் என்ற இடத்தில் தமிழ் இருக்கிறது, ஒரே ஒரு தடவை யாரிடமாவது சொல்லிப் போட்டுக்கொள்ளுங்கள். தமிழில் தட்டெழுத நம் மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் இருக்கிறது, 2005லிருந்து ஹேண்ட்போன்களில் தமிழ் எழுத வைத்த செயலி அது. தட்டெழுதக் கை வரவில்லையென்றால் கூகுள் விசைப்பலகையில் தமிழை வைத்து, அதிலுள்ள மைக்கைத் தொட்டுப் பேசுங்கள், பேசியது எழுத்தாக வரும். வாட்ஸ்அப்பில் இரண்டு மைக் தெரியும், அதுதான் குழப்பம். விசைப்பலகையில் இருப்பது எழுத்தாக மாற்றும், எழுதும் கட்டத்துக்குப் பக்கத்தில் இருப்பது உங்கள் குரலையே அனுப்பும்.

கேள்வி: போன் நிரம்பிவிட்டது என்று வருகிறது. பேரன் எல்லாவற்றையும் அழித்துவிடலாம் என்கிறான். இறந்துபோன என் கணவர் அனுப்பிய குரல் பதிவுகள் அதற்குள்தான் இருக்கின்றன.

அம்மா, இப்போதைக்கு எதையும் அழிக்க விடாதீர்கள். முதலில் குரலைப் பத்திரப்படுத்துவோம். வாட்ஸ்அப்பில் அவருடைய பக்கத்தைத் திறந்து ஒரு குரல் பதிவை அழுத்திப் பிடியுங்கள், பிறகு மற்றவற்றையும் ஒவ்வொன்றாகத் தட்டிச் சேர்த்துக்கொள்ளுங்கள். மேலே மூன்று புள்ளியில் ஷேர் இருக்கும், அதில் ஜிமெயிலைத் தேர்ந்து உங்களுக்கே அனுப்புங்கள், மகளுக்கும் ஒரு பிரதி. வாட்ஸ்அப் பேக்கப்பையும் போடுங்கள், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம், கூகுள் கணக்கில் இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபிதான், படங்களும் மெயில்களும் அதே இடத்தைத்தான் பிடிக்கும்.

அதற்குப் பிறகு வாட்ஸ்அப் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ், மேனேஜ் ஸ்டோரேஜ் என்று போனால் பெரிய வீடியோக்களும் பலமுறை பார்வர்ட் ஆன படங்களும் தனியாகத் தெரியும். காலை வணக்கப் படங்கள்தான் இடத்தை அடைத்திருக்கும், அவற்றை அழித்தாலே போதும். கிளியர் சாட் என்பதைத் தொட வேண்டாம். படங்கள் தானாக இறங்குவதையும் அதே ஸ்டோரேஜ் பகுதியில் நிறுத்திவிடலாம்.

அவருடைய நம்பருக்கு டாப் அப் போடாமல் விட்டிருந்தால் அது வேறு யாருக்காவது போயிருக்கலாம். ஒருநாள் அவர் பெயருக்குப் பக்கத்தில் தெரியாத ஒருவரின் படம் வந்தால் பதறாதீர்கள், உங்கள் போனில் இருக்கும் குரலை அது ஒன்றும் செய்யாது. புது போன் வாங்கினாலும் எல்லாம் மாறி வந்துவிட்டதா என்று பார்க்காமல் பழையதைக் கொடுத்துவிடாதீர்கள். எல்லாம் அனுப்பி முடித்ததும் மகளின் போனில் அந்தப் பதிவுகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் கேளுங்கள். அங்கே அவர் குரல் கேட்ட பிறகு பேரனைக் கூப்பிட்டுக்கொள்ளலாம்.