கரிநெருப்பின் அருகே

அன்புள்ள ஐயா,

அம்மா பக்கவாதத்தில் மூன்று வருடம் படுக்கையில் இருந்தார்கள். நான்தான் பார்த்துக்கொண்டேன். ஒருநாள் இரவு மூன்றாவது தடவையாக விரிப்பை மாற்றும்போது, ‘ஆண்டவரே, இவங்களை எடுத்துக்கோங்க’ என்று மனதுக்குள் சொன்னேன். அவர்கள் வலிக்காக இல்லை, என் தூக்கத்துக்காக. நான்கு மாதத்தில் இறந்துவிட்டார்கள். முதல் வருட நினைவு ஜெபத்தில் என்னைச் சாட்சி சொல்லச் சொல்கிறார்கள். ‘மனுஷன் முகத்தைப் பார்ப்பான், கர்த்தரோ இருதயத்தைப் பார்க்கிறார்’ என்பது சண்டே ஸ்கூலில் மனப்பாடம் செய்த வசனம். இப்போது நினைத்தாலே நடுங்குகிறது.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த ஜெபத்தால் அம்மா சாகவில்லை. முதலில் அதை விட்டுவிடுங்கள்.

அந்த வசனம் எங்கே வருகிறது? 1 சாமுவேல் 16. பெத்லகேமில் ஈசாயின் மூத்த மகனுடைய உயரத்தைப் பார்த்துவிட்டு, இவன்தான் ராஜா என்று சாமுவேல் நினைக்கிறார். அப்போது சொல்லப்பட்டது. ஆடு மேய்க்கப் போயிருந்த, கூப்பிட வேண்டும் என்றுகூட வீட்டில் யாருக்கும் தோன்றாத கடைசிப் பையன் தாவீதைக் கண்டெடுக்கிற பார்வை அது. திருடனைப் பிடிக்கிற பார்வையாக நமக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். எனக்கு இதில் நெடுநாள் வருத்தம் உண்டு.

சரி, எரேமியா 17 இருக்கிறதே என்பீர்கள். இருதயம் ‘திருக்குள்ளது’, அதாவது வஞ்சகமானது, ‘அதை அறியத்தக்கவன் யார்?’ கடுமையான வார்த்தைதான். அடுத்த வசனத்தில் நம் பைபிள் ‘உள்ளிந்திரியங்கள்’ என்பது எபிரெயத்தில் சிறுநீரகங்கள். கொழுப்புக்குள் பொதிந்து கிடக்கிற உறுப்பு. அவ்வளவு உள்ளே கர்த்தர் பார்க்கிறார். ஆனால் ‘அறியத்தக்கவன் யார்’ என்றால், அந்த மனதுக்குச் சொந்தக்காரருக்கும் தெரியாது என்றுதானே பொருள்? அந்த ஒரு நிமிடத்து நினைப்புதான் என் உண்மையான மனம் என்று நீங்களே தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். அந்த வேலை உங்களுடையது அல்ல.

இயேசுவின் சீஷன் பேதுருவைப் பாருங்கள். பிரதான ஆசாரியனுடைய முற்றத்தில், கரிநெருப்பில் குளிர்காய்ந்துகொண்டே, அவரைத் தெரியாது என்று மூன்று தடவை சொல்கிறான். இயேசு பிடிபட்ட இரவு அது. இது நடக்கும் என்று அவருக்கு முன்பே தெரியும். லூக்கா 22-இல், நீ மறுதலிப்பாய் என்று சொல்வதற்கு முன்னாலேயே, ‘நான் உனக்காக வேண்டிக்கொண்டேன்’ என்று சொல்லிவிடுகிறார். அந்த வரிசைதான் எனக்கு முக்கியம்.

அப்புறம், இயேசு உயிர்த்தெழுந்த பிறகு, திபேரியாக் கடற்கரை, யோவான் 21. அங்கேயும் கரிநெருப்பு. மேலே மீன். புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் கரிநெருப்புக்கான அந்தச் சொல் இந்த இரண்டே இடங்களில்தான் வருகிறது. அதே வாசனை அடிக்கிற இடத்தில், என்னை நேசிக்கிறாயா என்று மூன்று தடவை கேட்கிறார். மூன்றாவது தடவை பேதுருவுக்குத் துக்கம் வந்துவிடுகிறது. காட்டுவதற்கு அவனிடம் ஒரு அத்தாட்சியும் இல்லை. ‘ஆண்டவரே, நீர் எல்லாவற்றையும் அறிந்திருக்கிறீர், நான் உம்மை நேசிக்கிறேன் என்பதையும் நீர் அறிவீர்’ என்கிறான். நீங்கள் எதை நினைத்து நடுங்குகிறீர்களோ, அதையே அவன் பிடித்துக்கொள்கிறான்.

அந்த இரவின் நினைப்பு நல்லது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதைப் பார்த்தவர் உங்கள் கைகளையும் பார்த்தார். அப்படி நினைத்தபோதும் அந்தக் கைகள் விரிப்பை மாற்றிக்கொண்டுதான் இருந்தன.

ஜெபத்துக்குப் போங்கள். பேச வாய் வரவில்லை என்றால் யோவான் 21-ஐ வாசித்துவிட்டு உட்காருங்கள்.