வாடகை வீட்ல, 10க்கு 10 ரூம்ல மாடல் ரயில் லேஅவுட் போட முடியுமா?

நீங்க கேட்டது இதான்: வாடகை வீடு, 10க்கு 10 ரூம்பு, அதுக்குள்ளயே கட்டில் பீரோ எல்லாம், கையில 25,000 ரூபா, மாடல் ரயில் லேஅவுட் போட முடியுமா, எங்கேந்து ஆரம்பிக்கிறது. தாராளமா முடியும் பாஸ். ஆனா மனசுல ஒரு வட்டம் வெச்சிருப்பீங்க பாருங்க, ரயிலு சுத்தி சுத்தி வர்ற மாதிரி, அத மட்டும் மொதல்ல அழிச்சுடுங்க. அந்த வட்டத்தாலதான் எனக்கு ஒரு வருஷமும் போச்சு, காசும் போச்சு.

எனக்கு பழைய வண்ணாரப்பேட்டை. நைனா பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ்ல ஃபிட்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு, அதனால ரயில்னா எங்க வீட்ல சோறு போட்ட சாமி. நான் மொதல்ல ஹெச்ஓ ஸ்கேல்ல ஒரு ஸ்டார்ட்டர் செட் வாங்கினேன். ஹெச்ஓன்னா நெஜத்துல 87ல ஒரு பங்கு, ரெண்டு தண்டவாளத்துக்கு நடுவுல 16.5 மி.மீ. அந்த செட்டோட வந்த வளைவு 18 இன்ச் ரேடியஸ், அப்போ வட்டத்தோட குறுக்களவே 3 அடி ஆச்சு, ஓரத்துல கொஞ்சம் விட்டா 4 அடி, ஆக 8க்கு 4 பலகை இல்லாம வேலைக்கு ஆகாது. அப்ப கிரவுண்ட் ஃப்ளோர்ல இருந்தோம், ஹால்ல பாதிய அடைச்சுகிச்சு, எங்கம்மா மூணு மாசம் அதுமேலயே வெச்சு காய் நறுக்கினாங்க. பக்கத்து போர்ஷன் பசங்க எல்லாம் மொத நாள் வந்து குந்திகினு வாய பொளந்து பார்த்தாங்க, மறுநாள் ரெண்டு பேரு வந்தான், அதுக்கப்புறம் எவனும் வரல. எனக்கே பத்து நிமிஷத்துக்கு மேல பார்க்க முடியல, அதான் உண்மை. அதுவும் எல்ஹெச்பி பொட்டி, இப்ப எக்ஸ்பிரஸ் வண்டில வர்ற நீள பொட்டி, நெஜத்துல 23.54 மீட்டர், ஹெச்ஓவுல 27 சென்டிமீட்டர் வரும், அந்த நீளத்த 18 இன்ச் வளைவுல விட்டா பொட்டி நடு வயிறு உள்பக்கம் வாங்கிக்கும், முனை ரெண்டும் வெளியே துருத்திக்கும், பார்க்க கண்றாவியா இருக்கும்.

இதுல காசு மிச்சம் பண்றேன்னு பார்ட்டிகிள் போர்டு வேற வாங்கி வெச்சிருந்தேன், நாலு செங்கல் மேல நிக்குது. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல். எங்க தெருவுல முட்டி வரைக்கும் தண்ணி. இன்ஜினையும் பொட்டிங்களையும் மட்டும் தூக்கி பரண்ல போட்டோம், பலகைய தூக்க ஆளில்ல. தண்ணி வடிஞ்சு பார்த்தா டீல முக்கின பொறை மாதிரி ஊறி, கை வெச்சா உதிருது. நைனா ஒண்ணுமே சொல்லல, தண்டவாளத்த மட்டும் ஒவ்வொண்ணா கழட்டி நியூஸ் பேப்பர்ல காய வெச்சாரு.

அப்பால மாடி போர்ஷனுக்கு மாறினோம், அதுவும் 10க்கு 10தான். அப்பதான் யோசிச்சேன், எனக்கு ரயில்ல உண்மையிலயே எது புடிக்கும்னு. ஸ்கூல் படிக்கும்போது கொருக்குப்பேட்டை கேட்டுல சைக்கிளோட நின்னு நின்னு பார்த்தது கூட்ஸ் வண்டிய. எல்லாரும் கேட் கீப்பர திட்டிகினு இருப்பாங்க, நான் மட்டும் எந்த வேகன கழட்டுறான் எதுல மாட்டுறான்னு பார்த்துகினு இருப்பேன். முன்னாடி போவும், நிக்கும், பாயிண்ட் (லைன் பிரியிற எடம்) மாத்துவான், பின்னாடி தள்ளுவான், டமார்னு ஒரு சத்தம் கடைசி வேகன் வரைக்கும் ஓடும். எனக்கு புடிச்சது ஷண்டிங், அதான் இந்த கழட்டி மாட்டுற வேலை, ஓட்டம் இல்ல. ஷண்டிங்குக்கு வட்டமே தேவையில்ல பாஸ், ஒரு நீட்டு பலகை போதும்.

இதுக்குன்னே ஒரு டிசைன் இருக்கு, இங்கிலாந்துல ஆலன் ரைட்னு ஒரு மாடலர் போட்டது, பேரு இங்கிள்நுக். ஒரே லைன் வந்து ரெண்டு பாயிண்ட்ல மூணா பிரியும். சைடிங்னா வேகன நிறுத்துற லைன், நீளமான சைடிங்ல 5 வேகன் நிக்கும், மத்த ரெண்டுலயும் மூணு மூணு. இந்தப் பக்கம் தலைப்புல இன்ஜினும் 3 வேகனும் நிக்கிற அளவு எடம், அவ்ளோதான். மொத்தம் 8 வேகன். எட்டு சீட்டு எழுதி குலுக்கி அஞ்சு எடுக்கணும், எந்த வரிசைல வந்துச்சோ அதே வரிசைல அஞ்சையும் நீள சைடிங்ல கோத்து நிறுத்தணும். 6,720 விதமா வரும், தினம் ஒண்ணு போட்டாலும் 18 வருஷம் ஓடும். கேக்க சின்னப்புள்ள விளையாட்டு மாதிரி இருக்கும், மூணாவது வேகன் நடுவுல மாட்டிகினு வராதப்போ தெரியும் பேஜாரு.

அளவு கணக்கு பார்ப்போம். பாக்ஸ்என் வேகன், நிலக்கரி ஏத்துற மேல தெறந்த வேகன், நெஜத்துல 10.7 மீட்டர், ஹெச்ஓவுல 12.3 சென்டிமீட்டர். அஞ்சு வேகனுக்கு 62 சென்டிமீட்டர். தலைப்புல டபிள்யூடிஎம்-2ன்ற நம்ம பழைய டீசல் இன்ஜின் 20 சென்டிமீட்டர், கூட மூணு வேகன் 37, ஆக 57. ரெண்டு பாயிண்ட்டுக்கும் 22 மேனிக்கு போட்டா எல்லாம் சேர்ந்து 163 சென்டிமீட்டர், ஆறடி பலகைல அடங்கிடும். அகலம் ஒரு அடி போதும். "N" ஸ்கேல்னு இன்னும் சின்னது ஒண்ணு இருக்கு, அதுல போட்டா, அது 160ல ஒரு பங்கு, தண்டவாளம் 9 மி.மீ, மூணரை அடியிலயே முடிஞ்சிடும்தான், ஆனா மொத தடவைக்கு அது வேணாம், இன்ஜின் வெயிட்டு கம்மி, கொஞ்சம் அழுக்கு இருந்தாலே நின்னுடும், எங்க ஏரியா உப்புக் காத்துல தினம் தொடச்சுகினே இருக்கணும்.

பலகை 12 மி.மீ. பிளைவுட், 710 கிரேடுன்னு கேட்டு வாங்குங்க, தண்ணி தாங்கும். நாலு ஓரத்துக்கும் பிரைமர் அடிங்க, ஈரம் உள்ள போறது ஓரம் வழியாதான். ஹவுஸ் ஓனர் ஆணி அடிக்க விடலன்னா பீரோ மேலயும் ஒரு ஸ்டூல் மேலயும் வெச்சுக்கலாம், எங்காளு நல்ல மனுஷன், எல் ஆங்கிள் மூணு அடிக்க விட்டாரு, காலி பண்ணும்போது ஓட்டைய அடைச்சு தரணும்னு மட்டும் சொன்னாரு.

தண்டவாளம் வாங்கும்போது பழைய பித்தளை ரெயில் சல்லிசா கெடைக்குதேன்னு எடுத்துடாதீங்க. பித்தளை கறுத்துடுச்சுன்னா அந்த கறுப்பு கரண்ட்ட சரியா விடாது. நிக்கல் சில்வர்னு போட்டிருக்கும், அதுல வெள்ளி துளி கூட கெடையாது, செம்பு நிக்கல் துத்தநாகம்தான், ஆனா கறுத்தாலும் கரண்ட் போவும். கடல் பக்கத்துல இருக்கிறவன் இத விட்டா வேற வழியில்ல. தொடைக்க ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் காட்டன் துணில தொட்டு தொடைங்க, உப்புத்தாள் வேணாம், அது போடுற கீறல்லயே அப்புறம் அழுக்கு அடைஞ்சுக்கும்.

ஜாயின்ட்டுக்கு ஜாயினர்னு ஒரு சின்ன தகடு வரும், நைனா அத ஃபிஷ்பிளேட்னுதான் சொல்வாரு. அத நம்பி கரண்ட் விடாதீங்க, ஒவ்வொரு துண்டு தண்டவாளத்துக்கும் தனியா சிவப்பு கறுப்பு ஒயர் சால்டர் பண்ணி கீழ எறக்கி, வீட்டு ஒயரிங்குக்கு போடுற 1.5 ஸ்கொயர் ஒயர்ல சேர்த்துடுங்க. சால்டர் பண்ணும்போது நான் மொத தடவை நாலு ஸ்லீப்பர் கட்டைய உருக்கிட்டேன், பிளாஸ்டிக்தானே. நைனா ஓரமா குந்திகினு பார்த்தவரு, எழுந்து வந்து ஈரப் பஞ்ச ரெண்டு பக்கமும் ரெயில் மேல வெச்சாரு, "சூடு அங்க ஓடாம இங்கியே நிக்கணும்டா, இன்னா நீ"ன்னாரு. அயர்ன் நல்லா சூடேறின பிறகு, ஃப்ளக்ஸ் தொட்டு, ரெண்டு எண்றதுக்குள்ள எடுத்துடணும், பயந்து பயந்து அஞ்சு நிமிஷம் வெச்சாதான் உருகும். ஒயர் ரெயிலுக்கு வெளிப்பக்கம்தான் இருக்கணும், உள்பக்கம் வெச்சா சக்கரத்தோட விளிம்பு அதுல ஏறி வண்டி எறங்கிடும்.

இப்ப நான் பண்ண பெரிய கூத்து. தண்டவாளத்துக்கு நடுவுல போட ஜல்லி வேணும், கடையில சின்ன பாக்கெட்டு சொல்ற வெலைக்கு மனசு வரல, நம்மகிட்ட இல்லாத மணலான்னு காசிமேட்டு பக்கம் போயி ஒரு கவர்ல அள்ளிகினு வந்து, சலிச்சு, ஃபெவிகால் தண்ணில ஒட்டிட்டேன். பார்க்க சூப்பர். மூணு நாள் கழிச்சு இன்ஜின் கரகரன்னுது, அப்புறம் நின்னுடுச்சு. கழட்டி பார்த்தா மோட்டார் காந்தத்துல கறுப்பு பொடி மீச மாதிரி ஒட்டிகினு நிக்குது. நம்ம கடற்கரை மணல்ல கறுப்பா வரி வரியா தெரியும்ல, அதுல காந்தத்துல ஒட்டுற இரும்புச்சத்து இருக்கு, இன்ஜின் மேல போகப் போக உள்ள இழுத்துக்கும். அதனால எந்த மணல் எடுத்தாலும், ஸ்பீக்கர் காந்தத்த பாலிதீன் கவர்ல போட்டு மணலுக்குள்ள ஒரு ரவுண்டு விடுங்க, ஒண்ணும் ஒட்டலன்னா போடுங்க. நான் கடைசில கல் கோலமாவ சாம்பல் கலர்ல சாயம் ஏத்தி போட்டேன், கிலோ கணக்குல கெடைக்குது, இதுவரைக்கும் ஒரு பிரச்சினையும் இல்ல.

இன்ஜின் விஷயத்துல ஏமாறாதீங்க, நம்மூரு இன்ஜின் ரெடிமேடா கடையில ஓடுற மாதிரி கெடைக்கிறது ரொம்ப அபூர்வம். நான் அமெரிக்க 6 அச்சு டீசல் சேஸிஸ் செகண்ட் ஹேண்ட்ல வாங்கி, மேல பாடிய 3டி பிரிண்ட் போட்டு மாட்டினேன். 6 அச்சு இருந்தா பாயிண்ட்டுக்கு நடுவுல வர்ற பிளாஸ்டிக் துண்டுல செத்து நிக்காது. புதுசு வெளிநாட்டுலேந்து எறக்குறதா இருந்தா வரியையும் கணக்குல வெச்சுக்குங்க, இதெல்லாம் பொம்மை கணக்குலதான் வரும், பொம்மைக்கு இறக்குமதி வரி 2020ல 20லேந்து 60 சதவீதம் ஆச்சு, 2023ல 70 ஆச்சு. 25,000ல பெரிய பங்கு இன்ஜினுக்கும் ரெண்டு பாயிண்ட்டுக்கும்தான் போவும். எனக்கு பலகை, ஆங்கிள், ஒயர், பெயின்ட் எல்லாம் சேர்ந்தே 5,000 தாண்டல.

பாடி மாட்டி லைன்ல வெச்ச உடனே நைனா குனிஞ்சு பார்த்துட்டு சொன்ன மொத வார்த்தை, "இன்னாடா வண்டி தாட்டியா கீது, லைன் ஒல்லியா கீது". முப்பது வருஷ கண்ணு. நம்ம பிராட் கேஜ் 1,676 மி.மீ, அத 87ஆல வகுத்தா 19.3 வரணும், ஹெச்ஓ லைன் 16.5தான், ஏன்னா அது 1,435 மி.மீ. வெளிநாட்டு கேஜுக்கு செஞ்சது. சரியா வேணும்னா லைன கையாலயே கட்டணும், சக்கரத்த அச்சுல தள்ளி வெக்கணும், அது தனி தவம். நான் அப்படியே விட்டுட்டேன், வேகன் முன்னாடி நிக்கும்போது தெரியாது.

கன்ட்ரோலுக்கு டிசிசி கிசிசி (ஒரே லைன்ல பல இன்ஜின தனித்தனியா ஓட்டுற டிஜிட்டல் கன்ட்ரோல்) ஒண்ணும் வேணாம், ஒரு இன்ஜின்தானே. ரிச்சி ஸ்ட்ரீட்ல 12 வோல்ட் 2 ஆம்ப்ஸ் அடாப்டர், ஒரு பிடபிள்யூஎம் மோட்டார் ஸ்பீடு போர்டு, முன்ன பின்ன மாத்த ஒரு டிபிடிடி சுவிட்சு, முடிஞ்சுது. வேகன கழட்ட நக்கிள் கப்ளிங்க்ல (மடக்கின விரல் மாதிரி கோத்துக்குற கொக்கி) மூங்கில் குச்சிய விட்டு லேசா திருகினா போதும், நம்ம பாக்ஸ்என்லயும் நெஜத்துல அந்த மாதிரி கப்ளிங்தான், அதனால பார்க்கவும் பொருத்தமா இருக்கும்.

சீனரி அவங்கவங்க இஷ்டம். நான் பின்னாடி ராயபுரம் ஸ்டேஷன் முகப்ப சன்போர்டுல வெட்டி நாலு சென்டிமீட்டர் கனத்துல ஒட்டியிருக்கேன், 1856ல தெறந்த ஸ்டேஷன், ஒரு அடி பலகைல முழுசா வெக்க எடமில்ல, தூண் எல்லாம் ஜூஸ் ஸ்ட்ரா. வேகனுக்கு அழுக்கு பூச போட்டோ எதுவும் பார்க்கல. துறைமுகத்துல நிலக்கரி எறக்கினப்போ ராயபுரத்துல எங்க அத்தை வீட்டு மாடில வெள்ளத்துணி காயப்போட்டா சாயங்காலம் என்னா கலர்ல வரும்னு எனக்கு தெரியும், கோர்ட்டு உத்தரவுல 2011ல அது நின்னுச்சு, அந்த கலர் மட்டும் மனசுல அப்படியே நிக்குது, கறுப்பும் இல்ல, பழுப்பும் இல்ல.

கட்டிலுக்கு மேல ஷெல்ஃப் மாதிரி போடலாமான்னும் கேட்டிருந்தீங்க. போடலாம், ஆனா மொதல்ல ஃபேன் இறக்கை எங்க வரைக்கும் வருதுன்னு அளந்துக்குங்க, நான் அளக்காம தொங்க விட்ட சிக்னல் கம்பம் இப்ப இல்ல.