வீட்டிலேயே செய்துகொண்டால் உண்மையில் காசு மிச்சமாகுமா?

"சோப்பு, ஷாம்பு, பாத்திரம் துலக்கும் பொடி எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்து, பழையதை மறுபடி பயன்படுத்தி, சிக்கனமாகவும் சூழலைக் கெடுக்காமலும் வாழ ஆசை. காசு மிச்சமாகுமா? எதில் தொடங்கலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

மிச்சமாகும், ஆனால் எல்லாவற்றிலும் ஆகாது. எதை வீட்டில் செய்வது, எதை வெளியில் வாங்குவது என்று முதலிலேயே பிரித்துக்கொண்டால்தான் இந்தப் பழக்கம் நிலைக்கும். எடுத்த எடுப்பிலேயே அழகழகான கண்ணாடி ஜாடி, மூங்கில் பிரஷ் என்று புதிதாக வாங்கிக் குவிக்க வேண்டாம். வீட்டில் காலியாகிக் கிடக்கிற ஊறுகாய் பாட்டிலே போதும்.

நான் அம்பாசமுத்திரம் பக்கம். எங்கள் வீட்டில் நன்றாகக் காசு மிச்சம் பிடித்துக் கொடுப்பது சீயக்காய்தான். 1 கிலோ சீயக்காய்க்கு 250 கிராம் பாசிப்பயறு, 100 கிராம் வெந்தயம், விதை நீக்கிய பூந்திக்கொட்டை ஒரு கைப்பிடி, நிழலில் உலர்த்திய செம்பருத்தி இலை கொஞ்சம். புளியங்குடி எலுமிச்சை மலிவாக வருகிற நாட்களில் பிழிந்த தோலை எறியாமல் காயவைத்து அதையும் சேர்த்துவிடுவேன். சீயக்காயை ஒடித்தால் படக்கென்று ஒடிய வேண்டும். அதுவரை மொட்டைமாடி வெயிலிலேயே கிடக்கட்டும். ஈரம் இருந்தால் சரியாக அரைபடாது, பொடியும் சீக்கிரம் கெட்டுப்போகும். மில்லில் சீயக்காய்க்குத் தனி மிஷின் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். மிளகாய் வற்றல் அரைத்த மிஷினில் போட்டுவிட்டால் தலை தேய்க்கிற அன்றைக்குக் கண்ணைத் திறக்க முடியாது.

பொடியைச் சாதம் வடித்த கஞ்சியில் குழைத்துத் தேயுங்கள். வெறும் தண்ணீரில் கரைப்பதைவிட அது தலையில் நன்றாகப் பிடிக்கும், முடியும் வறண்டு போகாது. சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் இருக்கும் சபோனின் என்ற பொருள்தான் அழுக்கை எடுப்பது. ஷாம்பு அளவுக்கு நுரை வராது, அதற்காகக் கூடுதலாக அள்ளிப் போட வேண்டியதில்லை. சலித்த பிறகு சல்லடையில் நிற்கும் கப்பி இருக்கிறதே, அது எண்ணெய்ப் பிசுக்கு ஏனங்களுக்கு அருமையான பொடி. கதம்பை நாரில், அதாவது தேங்காய் மட்டை நாரில், தொட்டுத் தேய்த்தால் வாணலியில் பிசுக்கு நிற்காது. பித்தளை விளக்குக்குப் புளியும் உப்பும் போதும், புளியில் உள்ள அமிலம் களிம்பைக் கரைத்துவிடும்.

அடுத்தது துணி. இதில் நாம் விடுகிற காசு நிறைய. நல்ல பருத்திச் சேலை நைந்துபோனால் முதலில் முந்தானையையும் ஓரத்தையும் பாருங்கள், அங்கே துணி இன்னும் உறுதியாக இருக்கும். அதில் தலையணை உறையும் கடைக்குக் கொண்டுபோகிற பையும் தைக்கலாம். நடுப்பகுதி மெலிந்திருக்கும், அது அடுப்படியில் பிடிதுணிக்கு. அப்புறம் கால்மிதி. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக் பைக்குத் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது, ஆனாலும் நாம் வெறுங்கையோடு போய் நின்றால் கடைக்காரர் என்ன செய்வார்? வண்டிப் பெட்டியில் எப்போதும் இரண்டு துணிப்பை கிடக்கட்டும்.

பழைய வேட்டியை மட்டும் வெட்டாதீர்கள். கோடையில் கூழ்வற்றல் போட அதைவிட நல்ல விரிப்பு கிடையாது. வற்றல் காய்ந்ததும் வேட்டியைக் கவிழ்த்துப் போட்டு, பின்பக்கம் தண்ணீர் தெளித்துச் சற்று நேரம் விடுங்கள். துணியை லேசாக இழுத்தால் வற்றல் உடையாமல் கழன்று வரும். அதன்பின் இன்னொரு வெயில் காட்டி டப்பாவில் அடைக்கலாம். பிளாஸ்டிக் தாளில் போட்டால் அடிப்பக்கம் சரியாகக் காய்வதில்லை, வெயிலில் அந்தத் தாள் சூடேறுவதும் எனக்குப் பிடிக்காது.

துணியைப் பற்றி இவ்வளவு சொல்லக் காரணம் இருக்கிறது. பாபநாசத்தில் குளித்துவிட்டு, உடுத்தியிருந்த துணியைத் தாமிரபரணியிலேயே விட்டுவிட்டுப் போகிற வழக்கம் இன்னும் ஓயவில்லை. அது பாறையில் சிக்கி, மணலில் புதைந்து கிடக்கிறது. தன்னார்வலர்கள் தண்ணீருக்குள் இறங்கி அதை இழுத்து எடுக்கிறார்கள். திருநெல்வேலி, தூத்துக்குடி மக்கள் குடிக்கிற தண்ணீர் அது. எங்கள் ஆச்சி கரித்துணியைக்கூடத் துவைத்துக் காயப்போட்டு வைத்திருப்பாள். அவளிடம் வளர்ந்த எனக்கு, நல்ல துணி ஆற்றில் ஊறிக் கிடப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

வீட்டில் செய்தால் காசு மிஞ்சாதது சோப்பு. பக்கத்து வீட்டு மதினி, "நாமளே தேங்காய் எண்ணெய் சோப்பு போட்டா என்ன?" என்று கேட்டபோது உட்கார்ந்து கணக்குப் போட்டோம். 1 கிலோ எண்ணெய்க்குச் சுமார் 175 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும், எண்ணெயைச் சோப்பாக்குவது அதுதான், தோலில் பட்டால் புண்ணாக்கிவிடும். இன்றைய எண்ணெய் விலைக்குச் சாதாரணக் கடைச் சோப்பே மலிவு. தோலுக்கு இதம் என்பதற்காகச் செய்வதென்றால் தாராளமாகச் செய்யலாம், ஆனால் கவனம் வேண்டும். தண்ணீரில்தான் காஸ்டிக் சோடாவைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும், அதன் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. அலுமினியப் பாத்திரம் ஆகவே ஆகாது, அரித்துவிடும். குழந்தைகள் இருக்கிற வீட்டில் எனக்கு இதில் உடன்பாடில்லை. சமையல் சோடாவையும் வினிகரையும் கலந்து எதையும் சுத்தம் செய்யலாம் என்கிறார்களே, அதையும் நம்ப வேண்டாம். இரண்டும் சேர்ந்தால் ஒன்றை ஒன்று முறித்துக்கொள்ளும், தனித்தனியாகத்தான் வேலை செய்யும்.

நம்மால் செய்ய முடியாததை ஊரில் செய்கிறவர்களிடம் வாங்குவதும் இதே வாழ்க்கை முறைதான் என்று நினைக்கிறேன். காருகுறிச்சி மண்சட்டி, பத்தமடைக் கோரைப் பாய், மணப்பாடு பக்கம் பெண்கள் முடைகிற பனையோலைப் பெட்டி எல்லாம் அப்படித்தான். ஓலைப் பெட்டியில் ஈருள்ளி (வெங்காயம்) போட்டு வையுங்கள், காற்றோட்டம் இருப்பதால் சீக்கிரம் அழுகாது. பெட்டியில் ஈரம் மட்டும் படக் கூடாது. பத்தமடைப் பாயில் பட்டுப்போல நெய்வது விலை அதிகம், தினம் விரித்துப் படுக்கச் சாதாரண ரகமே போதும்.

தொடங்க வேண்டுமென்றால் சீயக்காயில் தொடங்குங்கள். முதல் தடவை அரைக் கிலோவுக்கு மேல் போடாதீர்கள், வீட்டில் எல்லோருக்கும் ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க வேண்டுமே. மாசி, பங்குனிக்குள் சாமான் எல்லாம் வாங்கி வைத்துவிட்டால், சித்திரை வெயிலில் காயப்போட்டு மழைக்கு முன்னால் அரைத்துவிடலாம்.