பாப்-அப் தொல்லைக்கு ஆன்டிவைரஸ் வாங்குவதற்கு முன்னால்

கேள்வி: கம்ப்யூட்டரை ஆன் செய்த கொஞ்ச நேரத்தில் திரையின் வலது மூலையில் "வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது" என்று பாப்-அப் வருகிறது. மூடினால் இன்னொன்று வருகிறது. காசு கொடுத்து ஆன்டிவைரஸ் வாங்கினால் சரியாகுமா? வீட்டுக் கம்ப்யூட்டரைப் பாதுகாக்க வேறு என்ன செய்யலாம்?

இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது வைரஸ் வேலையாகத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் இதே புகாரோடு என்னிடம் கொண்டுவரும் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் ஒரே காரணம்தான் இருக்கும். ஏதோ ஒரு தளத்துக்கு நோட்டிஃபிகேஷன் அனுப்பும் அனுமதி போயிருக்கும். அந்த அனுமதியை வைத்துக்கொண்டு அந்தத் தளம் விளம்பரங்களை அனுப்பித் தள்ளும்.

அடுத்த முறை வரும்போது அவசரமாக மூடாமல் அதை உற்றுப் பாருங்கள். பெரிய எழுத்தில் ஏதாவது ஆன்டிவைரஸ் பெயரும் சிவப்பு எச்சரிக்கைக் குறியும் இருக்கும். அதே பெட்டியில் சின்ன எழுத்தில் உங்கள் பிரவுசரின் பெயரும், வாயில் நுழையாத ஒரு தள முகவரியும் இருக்கும். அந்த முகவரி இருந்தால் விஷயம் முடிந்தது, எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிட்டது.

குரோம் என்றால் மேலே வலது ஓரத்தில் இருக்கும் மூன்று புள்ளியை அழுத்தி செட்டிங்ஸ் போங்கள். பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதற்குள் சைட் செட்டிங்ஸ், அதற்குள் நோட்டிஃபிகேஷன்ஸ். அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் அங்கே இருக்கும். உங்கள் மெயில், காலண்டர் போல நீங்கள் தெரிந்தே அனுமதித்தவை தவிர மற்ற எல்லாவற்றையும் நீக்கிவிடுங்கள். அதே பக்கத்தில், இனி எந்தத் தளமும் அனுமதியே கேட்கக் கூடாது என்று வைக்கும் வசதியும் இருக்கிறது. அதையும் போட்டுவிடுங்கள், பெரிய இழப்பு எதுவும் கிடையாது. எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டிலும் செட்டிங்ஸ் தேடல் பெட்டியில் நோட்டிஃபிகேஷன் என்று தேடினால் இதே பட்டியல் கிடைக்கும்.

இந்த அனுமதி எப்படிப் போகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் அடுத்த மாதமே பட்டியல் மறுபடி நிரம்பிவிடும். இலவசமாகப் படம் பார்க்கும் தளம், எதையாவது டவுன்லோட் செய்யும் தளம் என்று போயிருப்பீர்கள். "நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபிக்க அலவ் அழுத்துங்கள்" என்று ஒரு பக்கம் வரும். அழுத்தினால் அந்த அனுமதி போய்விடும். உண்மையான ரோபோ சோதனை நோட்டிஃபிகேஷன் அனுமதியைக் கேட்காது. 

இதே தந்திரத்தின் ஆபத்தான வடிவம் ஒன்று 2024 முதல் நிறையப் பரவுகிறது. அதே ரோபோ சோதனை போன்ற பக்கம்தான். ஆனால் விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்து, பிறகு கன்ட்ரோலும் வி எழுத்தும், பிறகு என்டர் என்று படிப்படியாகச் சொல்லும். நீங்கள் அந்தப் பக்கத்தில் கிளிக் செய்தபோதே ஒரு கட்டளை உங்களுக்குத் தெரியாமல் காப்பி ஆகியிருக்கும். சொன்னபடி செய்தால் அந்தக் கட்டளையை உங்கள் கையாலேயே ஓட்டிவிடுவீர்கள். சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளைத் திருடும் மென்பொருள்கள் பல இப்படித்தான் உள்ளே வருகின்றன. வீட்டில் யார் கம்ப்யூட்டரைத் தொட்டாலும் இந்த ஒன்றை மட்டும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுங்கள்.

அனுமதிகளை நீக்கிய பிறகும் விளம்பரம் வந்தால் எக்ஸ்டென்ஷன்களை, அதாவது பிரவுசரில் கூடுதலாகச் சேர்த்த சின்னக் கருவிகளைப் பாருங்கள். எதற்கு இருக்கிறது என்று உங்களால் சொல்ல முடியாததை எடுத்துவிடுங்கள். நல்ல பெயர் வாங்கியதுகூடக் கெட்டுப்போகும். தி கிரேட் சஸ்பெண்டர் என்ற குரோம் எக்ஸ்டென்ஷனை ஏராளமானோர் நம்பிப் பயன்படுத்தினார்கள். 2020-ல் அது வேறு கைக்கு மாறியது. 2021 பிப்ரவரியில் தீங்கான மென்பொருள் என்று சொல்லி கூகுளே அதை நீக்கியது. 

அப்புறம், விண்டோஸ் செட்டிங்ஸில் இன்ஸ்டால் ஆன ஆப்களின் பட்டியலைத் தேதி வாரியாக அடுக்கிப் பாருங்கள். தொல்லை தொடங்கிய சமயத்தில் புதிதாக வந்து உட்கார்ந்தது எது என்று தெரிந்துவிடும். இலவச மென்பொருளை இன்ஸ்டால் செய்யும்போது நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று தட்டிக்கொண்டே போனால் கூடவே இரண்டு சரக்கு ஒட்டிக்கொண்டு வரும். கஸ்டம் அல்லது அட்வான்ஸ்டு என்ற வழியைத் தேர்ந்தெடுத்தால் அந்த டிக்குகளை எடுத்துவிடலாம். டவுன்லோட் செய்வதையும் அந்த மென்பொருளின் சொந்தத் தளத்தில் மட்டும் செய்யுங்கள். தேடல் முடிவில் முதலில் நிற்பது விளம்பரமாக இருக்கலாம், போலித் தளங்கள் காசு கொடுத்து அந்த இடத்தைப் பிடிக்கின்றன.

சரி, ஆன்டிவைரஸ். விண்டோஸ் 8 வெளிவந்த 2012-லிருந்து டிஃபெண்டர் என்ற மைக்ரோசாஃப்டின் சொந்த ஆன்டிவைரஸ் விண்டோஸுடனேயே வருகிறது. வீட்டு உபயோகத்துக்கு அது போதும் என்பது என் உறுதியான கருத்து. விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, ஆப் அண்ட் பிரவுசர் கன்ட்ரோல் பகுதியில், தேவையற்ற ஆப்களைத் தடுக்கும் வசதி ஆனில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். சந்தேகம் இருந்தால் அதே விண்டோஸ் செக்யூரிட்டியில், வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷன் பகுதியில் ஆஃப்லைன் ஸ்கேன் இருக்கிறது. அது கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து, விண்டோஸ் முழுதாக எழுந்திருக்கும் முன்பே சோதிக்கும். அதனால் ஒளிந்திருப்பவையும் சிக்கும். கம்ப்யூட்டருடன் வந்த ட்ரயல் ஆன்டிவைரஸ் காலாவதியாகி, புதுப்பிக்கச் சொல்லி நச்சரித்தால் அதை அன்இன்ஸ்டால் செய்யுங்கள். டிஃபெண்டர் தானாக வேலையை எடுத்துக்கொள்ளும்.

திடீரென்று திரை முழுவதும் எச்சரிக்கை வந்து, சைரன் சத்தத்தோடு "இந்த எண்ணுக்கு அழையுங்கள்" என்றால் பயப்பட வேண்டாம். மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கைகளில் போன் நம்பரே இருக்காது. அது ஒரு வலைப்பக்கம், அவ்வளவுதான். எஸ்கேப் பட்டனைச் சற்று நேரம் அழுத்திப் பிடியுங்கள். அசையவில்லை என்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை மூடுங்கள். மறுபடி திறக்கும்போது பழைய டேப்களை மீட்கட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்த நம்பருக்கு மட்டும் அழைக்கவே கூடாது. உதவி செய்வதாகச் சொல்லி கம்ப்யூட்டரைத் தூரத்திலிருந்து கையில் எடுத்துக்கொள்வார்கள். வயதான பெற்றோர் இதில் சேமிப்பை இழப்பதை நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

விளம்பரத் தடுப்பான் ஒன்று போட்டுக்கொள்வதும் பாதுகாப்புதான், ஏனென்றால் இந்தப் பக்கங்கள் பலவும் விளம்பரம் வழியாகத்தான் வருகின்றன. ஃபயர்ஃபாக்ஸில் யுபிளாக் ஒரிஜின், குரோமில் அதன் லைட் வடிவம்.

அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள். 2017 மே மாதம் வான்னாகிரை என்ற ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் மென்பொருள்) உலகம் முழுவதும் கம்ப்யூட்டர்களை முடக்கியபோது, அது புகுந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே கொடுத்திருந்தது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. நீங்கள் இன்னும் அதில்தான் இருந்தால் விண்டோஸ் 11-க்கு மாற முடியுமா என்று பாருங்கள். முக்கியமான போட்டோ, ஆவணங்களை ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுத்து, எடுத்த கையோடு கழற்றி வையுங்கள். மாட்டியே வைத்திருந்தால் ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

ஒருவேளை அந்த ஆர், வி கட்டளையை ஏற்கெனவே ஓட்டிவிட்டீர்கள் என்றால் இன்டர்நெட்டைத் துண்டியுங்கள். பாஸ்வேர்டுகளை அதே கம்ப்யூட்டரில் மாற்றாமல் போனிலோ வேறு கம்ப்யூட்டரிலோ மாற்றுங்கள், மெயில் முதலில், பிறகு வங்கி. மாற்றும்போது எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு என்ற வசதியையும் அழுத்துங்கள், நீங்கள் லாகின் செய்திருப்பதை பிரவுசர் நினைவில் வைக்கும் குக்கீ என்ற சிறு பதிவைத் திருடினால், அதை வைத்தே பாஸ்வேர்டு இல்லாமல் உள்ளே வர முடியும். அந்தக் கம்ப்யூட்டரில் விண்டோஸைப் புதிதாகப் போட்ட பிறகு மறுபடி லாகின் செய்யுங்கள்.