மேனேஜர் நான் சொல்லும் நாளைப் பாதியாக வெட்டுகிறார். வேலையை விட்டுவிடலாமா?

"நான்கு வருடமாக டெவலப்பர். மேனேஜருக்குக் கோடிங் தெரியாது. ஆறு வாரம் ஆகும் என்றால் மூன்று வாரத்தில் முடி என்கிறார். முடியாமல் போனால் பழி என் மேல். தினமும் முட்டிக்கொள்கிறது. வேலையை விட்டுவிடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆறு, மூன்று என்ற அதே எண்களோடு எனக்கும் இது நடந்திருக்கிறது. அதனால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் காரைக்குடிக்குப் பக்கத்தில் பள்ளத்தூர்க்காரி. 12 வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். 2020 ஊரடங்கில் பெங்களூரிலிருந்து வீட்டுக்கு வந்தவள், கம்பெனி ஒத்துக்கொண்டதால் இங்கேயே இருந்துவிட்டேன். வளவை (வீட்டின் உள் முற்றத்தை) ஒட்டிய ஓர் அறைதான் என் ஆபீஸ். மேனேஜர் பெங்களூரில் இருக்கிறார். சேலத்துக்காரர், என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர்.

எங்கள் கிளையன்ட் கடன் கொடுக்கும் ஒரு நிதி நிறுவனம். கடன் வாங்கியவர் நடுவில் ஒரு தொகையை முன்கூட்டியே கட்டினால், மீதித் தவணைகளை மறுபடி கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும். கேட்பதற்குச் சின்ன வேலை. ஆனால் தவணைக் கணக்குப் போடும் கோட் ஏற்கெனவே நான்கு இடங்களில் தனித்தனியாகக் கிடந்தது. கிளை ஊழியர் பார்க்கும் திரையில் ஒன்று, வாடிக்கையாளரின் மொபைல் ஆப்பில் ஒன்று, மாத அறிக்கைக்கு ஒன்று, எல்லாக் கணக்கையும் மொத்தமாகப் போட ராத்திரி தானாக ஓடும் பேட்ச் ஜாபில் ஒன்று. யார் யாரோ அவசரத்துக்கு நகலெடுத்து ஒட்டியவை. நான்கையும் ஒன்றாக்கிவிட்டு அதன் மேல் புது வசதியைச் செய்ய ஆறு வாரம் வேண்டும் என்றேன். "மூணு வாரம்தான் இருக்கு" என்றார். ஏன் மூன்று என்று நான் கேட்கவில்லை. ஏன் ஆறு என்று அவரும் கேட்கவில்லை. அந்த போன் பேச்சு நாலு நிமிடம்கூட நீடிக்கவில்லை.

இரண்டாவது வாரம் பின்தங்கினோம். உடனே வேறு டீமிலிருந்து நான்கு பேரைக் கொண்டுவந்து சேர்த்தார். ஐந்து பேர் ஒன்பது பேரானோம். தாமதமான மென்பொருள் வேலையில் ஆளைச் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்று ஃபிரெட் புரூக்ஸ் 1975-லேயே எழுதிவிட்டார். ஐபிஎம் கம்பெனியில் ஓஎஸ்/360 என்ற பெரிய இயங்குதளத்தை உருவாக்கும் வேலையை நடத்திய மேனேஜர் அவர், பட்டுத்தான் எழுதினார். ஐந்து பேர் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ள 10 ஜோடிகள். ஒன்பது பேருக்கு 36. வந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதிலேயே எங்களில் இரண்டு பேருடைய நாட்கள் போயின. அந்த நால்வரும் திறமைசாலிகள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

கடைசியில் நான்கையும் ஒன்றாக்கவில்லை. ஐந்தாவதாக ஒரு நகல் எழுதி ரிலீஸ் செய்தோம். பழைய கோட் தவணையை முழு ரூபாய்க்கு ஏற்றியது, புதியது பைசா வரை வைத்துக்கொண்டது. மொபைலில் ஒரு தொகை, கிளையில் அச்சடித்துக் கொடுத்த தாளில் இன்னொரு தொகை. வித்தியாசம் ஒரு ரூபாய்க்குள்தான். ஆனால் இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு கவுன்டரில் நிற்பவருக்கு அது ஒரு ரூபாய் விஷயமில்லை. தன் கடனைச் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்களா என்ற சந்தேகம் அது. அந்தக் கோபத்தை வாங்கிக்கொண்டவர்கள் கிளையில் உட்கார்ந்திருந்தவர்கள். நானும் இல்லை, மேனேஜரும் இல்லை. அது எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது.

அப்புறம் எங்கள் உறவு கெட்டுப்போனது. அவர் பாதியாக வெட்டுவார் என்று தெரிந்ததால் நான் எல்லாவற்றுக்கும் இரட்டிப்பாக நாள் சொல்ல ஆரம்பித்தேன். நான் கூட்டிச் சொல்கிறேன் என்று தெரிந்ததால் அவர் இன்னும் வெட்டினார். யாருடைய எண்ணிலும் உண்மை இல்லாமல் போயிற்று. காலையில் டீம் கூடிப் பேசும் ஸ்டாண்ட்-அப் 15 நிமிடம் போய் 50 நிமிடம் ஆனது, வருகைப் பதிவேடு மாதிரி. ஒருநாள் எல்லாருடைய லேப்டாப்பிலும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திரையைப் படம் எடுக்கும் மென்பொருள் வந்து உட்கார்ந்தது. ஒரு பிழையைப் பிடிக்க நோட்டில் படம் போட்டு யோசித்துக்கொண்டிருந்த ஒரு மணி நேரம், வேலை செய்யாத நேரம் என்று பதிவானது. அன்றைக்கு நான் ராஜினாமாக் கடிதம் எழுதினேன். அனுப்பவில்லை, அவ்வளவுதான்.

அந்த மாதம் எங்கள் டீமில் ஒரு பையனுக்குத் தேவகோட்டையில் கல்யாணம். மேனேஜரும் வந்திருந்தார். பக்கத்தில்தானே என்று கூப்பிட்டேன், மறுநாள் காலை வீட்டுக்கு வந்தார். வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும் சாப்பிட்டுவிட்டு முகப்பில் உட்கார்ந்திருந்தபோது பேச்சு எப்படியோ வேலையில் போய் நின்றது. எங்கள் அப்பச்சி (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) காரைக்குடியில் முப்பது வருடம் பாத்திரக் கடை நடத்தியவர். கம்ப்யூட்டர் பற்றி ஒன்றும் தெரியாது. இரண்டு பேரும் பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருந்தவர், என்னைப் பார்த்து, "ஆத்தா, நீ ஆறு வாரம்னு சொன்னே. தம்பி மூணு வாரம்னு சொன்னாக. அந்த மூணு வாரத்தைத் தம்பிகிட்ட சொன்னது யாரு?" என்றார்.

எட்டு மாதத்தில் நான் கேட்காத கேள்வி அது. மேனேஜர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார். எங்களைக் கேட்பதற்கு முன்பே விற்பனைப் பிரிவு அந்தத் தேதியைப் போட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிவிட்டது. தாமதமாகும் ஒவ்வொரு வாரத்துக்கும் அபராதம் உண்டு. அவர் மேலே எட்டு வாரம் கேட்டிருக்கிறார். நான் கேட்டதைவிட இரண்டு வாரம் அதிகம். கிடைக்கவில்லை. "உங்ககிட்ட சொன்னா டீம் மனசு விட்டுடும்னு நினைச்சேன்" என்றார். சரி, நான் மட்டும் என்ன செய்தேன்? ஐந்தாவது நகல் இருப்பதை அவரிடம் சொல்லவே இல்லை. சொன்னாலும் புரியாது என்று நானாகவே முடிவு கட்டியிருந்தேன்.

அப்பச்சியின் ஐயா, அதாவது தாத்தா, பர்மாவுக்குக் கொண்டுவிற்க (கடல் கடந்து தொழில் செய்ய) போனவர். அங்கே ஒரு வட்டிக்கடையில் அடுத்தாளாக (உதவியாளராக) சேர்ந்து ஏஜென்டாக உயர்ந்தார். முதலாளி இங்கே செட்டிநாட்டில், ஏஜென்ட் கடலுக்கு அந்தப் பக்கம். ஒருமுறை போனால் மூன்று வருடம். யாருக்குக் கடன் கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது என்பதை அங்கே இருப்பவர்தான் முடிவு செய்வார். முதலாளி பின்னால் நின்று பார்க்க முடியாது. கணக்கு ஒழுங்காக ஊருக்கு வரும், ஐந்தொகை (வரவுசெலவு, இருப்புக் கணக்கு) போட்டுப் பார்ப்பார்கள், லாபத்தில் ஏஜென்டுக்கும் ஒரு பங்கு உண்டு. அப்பச்சி இதைச் சொல்லிவிட்டு மேனேஜரிடம், "வசூலாகாதுன்னு தெரிஞ்ச கடனை ஏஜென்ட் கணக்குல மறைச்சா அவன்மேல தப்பு. எழுதி அனுப்புனதை முதலாளி படிக்காம விட்டா அவருமேல தப்பு" என்றார். எனக்குச் சுருக்கென்றது. நான் மறைத்திருந்தேன்.

அன்றைக்கே நான் ஐந்து நகல்களின் கதையை மேனேஜரிடம் முழுதாகச் சொன்னேன், கடன் என்ற சொல்லை வைத்தே. மென்பொருளில் அவசரத்துக்கு எடுக்கும் குறுக்குவழியைக் கடன் என்று 1992-ல் சொன்னவர் வார்டு கன்னிங்ஹாம். அவரும் நிதித்துறைக்கான மென்பொருள்தான் செய்துகொண்டிருந்தார். தன் மேலதிகாரிக்குப் புரியவைக்கத்தான் அந்த ஒப்புமையைப் பிடித்தார். சீக்கிரம் ரிலீஸ் செய்யக் கடன் வாங்கலாம், தப்பில்லை. அடைக்காமல் வைத்திருக்கும் ஒவ்வொரு நாளும் வட்டி ஏறும். வட்டி என்றால் என்ன என்று எங்கள் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. "வட்டி எவ்வளவு?" என்று அப்பச்சி உடனே கேட்டார். அதற்குப் பதில் சொல்ல நான் கணக்குப் போட வேண்டியிருந்தது. அதுவரை போட்டதில்லை.

மாதக் கடைசியில் அந்த ரூபாய் வித்தியாசங்களைச் சரிசெய்ய இரண்டு பேர் மூன்று நாள் உட்கார வேண்டியிருந்தது. ஒருவரின் ஒரு நாள் வேலை ஓர் ஆள்நாள் என்றால், ஆக மாதம் 6 ஆள்நாள் வட்டி. ஐந்தையும் ஒன்றாக்க இரண்டு பேருக்கு மூன்று வாரம், அதாவது 30 ஆள்நாள் அசல். ஐந்து மாதத்தில் வட்டியே அசல் அளவுக்கு வந்துவிடும், அசல் அப்படியே நிற்கும். ரிலீஸாகி அப்போது எட்டு மாதம் ஆகியிருந்தது. மேனேஜர் அந்த எண்களைப் போனில் குறித்துக்கொண்டார். "கோட் மோசமா இருக்குன்னு நீங்க நூறு தடவை சொல்லியிருக்கீங்க. இதை வெச்சு நான் மேலே பேச முடியும்" என்றார்.

பேசினார். இரண்டு பேருக்கு மூன்று வாரம் கிடைத்தது. அது முடிந்ததும் ஒரு ஷீட் ஆரம்பித்தோம், இன்றும் ஓடுகிறது. குறுக்குவழி எடுத்தால் அன்றைக்கே அதில் ஒரு வரி: என்ன செய்தோம், எந்தத் தேதிக்காகச் செய்தோம், மாதம் எத்தனை நாள் வட்டி, அடைக்க எத்தனை நாள். கையெழுத்து மாதிரி இரண்டு பேர் பெயரும் இருக்கும். ரிலீஸ் கெட்டுப்போனால் பழி யார் மேல் என்ற பேச்சு அதற்கப்புறம் ரொம்பக் குறைந்துவிட்டது. நான் இரட்டிப்பாகச் சொல்வதை நிறுத்தினேன். தேதி எங்கிருந்து வந்தது என்பதை அவர் சொல்கிறார். ஆனால் எல்லாம் சரியாகிவிடவில்லை. திரையைப் படம் எடுக்கும் மென்பொருளை நீக்கவைக்க இன்னும் ஆறு மாதம் போராடினேன். அப்ரைசலில் என் டீமில் ஒருவருக்கு அவர் செய்தது அநியாயம் என்று இன்றும் நினைக்கிறேன், அவரிடமே சொல்லியிருக்கிறேன்.

உங்கள் மேனேஜருக்குக் கோடிங் தெரியாது என்பதைப் பெரிய குறையாக எழுதியிருக்கிறீர்கள். என்னுடையவருக்கும் தெரியாது. என் அனுபவத்தில் அது அவ்வளவு பெரிய தடையில்லை. அப்பச்சிக்குக் கோடிங் தெரியாமலே கேட்க வேண்டிய கேள்வி தெரிந்தது. அடுத்தமுறை அவர் மூன்று வாரம் என்றால், அந்தத் தேதி எங்கே முடிவானது, தவறினால் என்ன ஆகும் என்று தனியாகக் கேளுங்கள். டீம் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் வேண்டாம், அங்கே அவரால் உண்மையைச் சொல்ல முடியாமல் போகலாம். "மூன்று வாரத்தில் முடியாது" என்பதற்குப் பதிலாக, மூன்று வாரத்தில் எதைக் கொடுக்க முடியும், எது விட்டுப்போகும், விட்டதற்கு மாதம் எத்தனை நாள் செலவாகும் என்று எண்ணோடு எழுதி அனுப்புங்கள். போனில் சொல்லி விட்டுவிடாதீர்கள்.

வேலையை விடுவது பற்றிக் கேட்டீர்கள். இதற்கு முந்தைய கம்பெனி ஒன்றிலிருந்து நான் ஒரே மாதத்தில் வெளியேறினேன். அங்கிருந்த மேனேஜர், ஓட்டாத டெஸ்ட்டுகளை ஓட்டியதாகக் குறிக்கச் சொன்னார். எழுதிக் கேட்டேன், எழுத்தில் பதில் வரவில்லை, போனில் வந்து அதையே சொன்னார். உங்களவரும் அந்த இடத்துக்கு வந்துவிட்டால் இன்னொரு வேலை தேடிக்கொண்டு கிளம்புங்கள், எண்ணும் ஷீட்டும் அங்கே உதவாது. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அவர் இன்னும் அங்கே வரவில்லை, உங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு தேதி மட்டும்தான் நிற்கிறது. அது யார் கொடுத்த தேதி என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.