'வெறும்' கம்பளம்

கேள்வி: ஃபேன்டஸி ரோல்பிளேயிங் விளையாட்டில் டிராகன் வந்தால் பயப்படலாம். வெறும் கம்பளமும் துடைப்பமும் தாக்க வருவது சிறுபிள்ளைத்தனம் இல்லையா? பெட்டியாக நடித்து ஆளைப் பிடிக்கும் மிமிக் மாதிரி மந்திரச் சாமான்களை எல்லாம் எடுத்துவிட்டால் என்ன?

பதில்: 'வெறும்' என்று எழுதினீர்களே, அந்த நினைப்பில்தான் உங்கள் வீரன் சாகிறான். டிராகனைக் கண்டவன் வாளை உருவுவான். கம்பளத்தைக் கண்டவன் மிதித்துக்கொண்டு போவான்.

மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டி ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் அரக்கர் கையேடான 2014 மான்ஸ்டர் மேனுவலில் 'ரக் ஆஃப் ஸ்மதரிங்' என்றொரு கம்பளம் உண்டு. அதன் உயிர்ப்புள்ளி, அதாவது ஹிட் பாயின்ட், 33தான். ஆனால் ஆளைச் சுருட்டிவிட்டால் அவனுக்குக் கண் தெரியாது, மூச்சு முட்டும். கூட வந்தவர்கள் பதறிப்போய் வெட்டுவார்கள். வெட்டில் பாதிதான் கம்பளத்துக்கு, மறுபாதி உள்ளே சிக்கியிருப்பவனுக்கு! 12 புள்ளி வெட்டு என்றால் நண்பனுக்கு 6. இந்த விதியைச் சொன்னதும் மேஜையே அடங்கிப்போவதைப் பார்த்திருக்கிறேன். பகடையை எடுத்தவர் உருட்டாமல் உள்ளங்கையில் மூடி வைத்துக்கொண்டு, "அடிக்கவா, வேண்டாமா?" என்று மற்றவர்கள் முகத்தைப் பார்ப்பார். எந்த டிராகனும் என் மேஜையில் அப்படி ஒருவரைத் தயங்க வைத்ததில்லை.

அப்புறம், மிமிக். எத்தனை முறை எழுதினாலும் இன்னொரு முறை எழுதுவேன்: அது சாமானே அல்ல, பிராணி. 1977-இல் வந்த முதல் மான்ஸ்டர் மேனுவலிலேயே அது கல்லாகவும் மரமாகவும் உருக்காட்டி, தொட்டவரைப் பசையால் ஒட்டிப் பிடிக்கும் உயிர்தான். மந்திரத்தை முறிக்கும் 'டிஸ்பெல் மேஜிக்' போட்டால் கம்பளம் நினைவிழந்து கிடக்கலாம், மிமிக்குக்கு ஒன்றும் ஆகாது. மிமிக்குக்குப் பசி, கம்பளத்துக்கு ஏவல். இரண்டையும் ஒன்றாகக் குழப்பும் டன்ஜன் மாஸ்டர்களோடு, அதாவது ஆட்டத்தை நடத்துகிறவர்களோடு, எனக்கு நெடுநாள் சண்டை.

ஏவலை விடவும் எனக்குப் பிடித்தது மனத்தாங்கல். ஜப்பானில் முரோமாச்சி காலத்துக் (14 முதல் 16-ஆம் நூற்றாண்டு வரை) கதை ஒன்று இருக்கிறது. 100 வருடம் ஆன சாமானுக்கு ஆவி வந்துவிடும் என்பதால், ஆண்டுக்கடைசியில் வீட்டைச் சுத்தம் செய்யும்போது பழையவற்றை வெளியே எறிந்துவிடுகிறார்கள். இத்தனை காலம் உழைத்தோமே என்று அவை குமுறி, உருமாறி, வஞ்சம் தீர்க்கக் கிளம்புகின்றன. இப்படி ஆவி வந்த சாமான்களுக்கு சுகுமோகாமி என்று பெயர். டிராகனுக்கு உங்களிடம் என்ன வழக்கு இருக்கிறது? இவற்றுக்கு இருக்கிறது.

ஆகவே துடைப்பத்தை எடுக்கச் சொல்லாதீர்கள். அடுத்த முறை அது எழுந்து வந்தால், யார் வீட்டைக் கூட்டிய துடைப்பம், யார் தூக்கி எறிந்தார்கள் என்று டன்ஜன் மாஸ்டரைக் கேளுங்கள். சொல்லத் தெரியாவிட்டால் அவரோடு சண்டை போடுங்கள், நானும் வருகிறேன்.