மூன்றாவது முறையும் நீட் எழுதட்டுமா?

வணக்கம் மேடம்,

எனக்கு 19 வயது. புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். அப்பா வேன் ஓட்டுகிறார். பிளஸ் டூ முடித்த வருஷம் நீட்டில் 720-க்கு 312 வந்தது. அடுத்த வருஷம் நாமக்கல் பக்கம் ஹாஸ்டலில் தங்கி ரிப்பீட்டர் பேட்ச் படித்தேன். மாக் டெஸ்டில் 480, 490 என்று எடுத்தவள், தேர்வில் 398தான் வாங்கினேன். உயிரியல் பரவாயில்லை. இயற்பியலைத்தான் முதலில் எடுத்தேன். கை வியர்த்து, கேள்வியைப் படித்தும் மனசில் ஏறவே இல்லை. 45 கேள்வியில் 40 எழுதி 17தான் சரி. படித்தது அரசு உதவிபெறும் பள்ளி என்பதால் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடும் இல்லை.

இப்போது அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. நர்சிங் கிடைத்திருக்கிறது. ஒரு வாரத்தில் சேர வேண்டும். "டாக்டர் ஆகப்போறேன்னு போனவ நர்ஸா வரப்போறாளா?" என்று சித்தி கேட்டது காதிலேயே நிற்கிறது. போன வருஷ ஃபீஸுக்கு அம்மா செயினை அடகு வைத்தது அப்பாவுக்குத் தெரியாது. சில ராத்திரி, விடியாமலே போனால் நல்லது என்று தோன்றுகிறது. மறுபடி எழுதட்டுமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்பு மகளுக்கு,

விடியாமலே போகட்டும் என்று எழுதியிருக்கிறாயே, முதலில் அதைப் பேசுவோம். அந்த நினைப்பு வரும் ராத்திரியில் தனியாகப் படுத்திருக்காதே, அம்மாவை எழுப்பு. மனநல உதவி எண் 14416 அல்லது சுகாதார உதவி எண் 104-க்கு எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசுவார்கள். செத்துப்போகலாம் என்றே தோன்றினால் காலைவரை காத்திருக்காமல் அரசு மருத்துவமனைக்குப் போய்விடு. நீட், நர்சிங் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

இனி உன் மதிப்பெண். 490 எடுக்கத் தெரிந்தவளுக்கு 398 வந்திருக்கிறது. மீதி 92-ஐ நீ தேர்வு அறையில் தொலைத்திருக்கிறாய். இயற்பியலில் தப்பான 23 கேள்விகளை விட்டுவிட்டு வந்திருந்தாலே, தப்புக்கு ஒன்று என்று மைனஸ் போகாமல் 23 மதிப்பெண் மிஞ்சியிருக்கும். இன்னொரு வருஷம் ஹாஸ்டலில் இருந்தால் உனக்குத் தெரிந்த பாடத்தையே திரும்ப நடத்துவார்கள். கை வியர்ப்பதற்கு அங்கே மருந்து இல்லை. அதனால் மறுபடி கடன் வாங்கி ரிப்பீட்டர் பேட்ச் போவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நர்சிங்கில் சேர் என்பதுதான் என் கருத்து. நீட்டுக்கு இப்போது வயது உச்சவரம்பு இல்லை, இத்தனை முறைதான் என்ற கணக்கும் இல்லை. இந்த வருஷம் விட்டால் எல்லாம் போச்சு என்று யார் சொன்னாலும் அது தப்பு. ஆனால் சேரும் முன் கல்லூரி அலுவலகத்தில் ஒன்று கேள்: நடுவில் விலகினால் என்ன கட்ட வேண்டும், சான்றிதழ்களை எப்போது தருவார்கள்? நர்சிங் முதல் வருஷம் லேசானதில்லை. வகுப்போடு நீட்டுக்கும் படிப்பது கஷ்டம்தான். அதை மறைத்து உனக்கு ஆசை காட்ட மாட்டேன்.

இந்தப் பயத்துக்கு ஒரு உளவியலாளரைப் பார். அதோடு மாதம் ஒரு நாள் உனக்குப் பழக்கமில்லாத அறையில், தெரியாதவர்கள் நடுவில், மதியம் 2 முதல் 5 வரை முழுத் தேர்வு எழுதிப் பார். கைவந்த உயிரியலில் தொடங்கு. அங்கேயும் 490 நின்றால் மூன்றாவது முறை எழுது. நிற்கவில்லை என்றால் அந்த வருஷம் விட்டுவிடு.

சித்திக்கு என்ன பதில் சொல்வது என்று நீ கேட்கவில்லை, ஆனால் கடிதம் முழுக்க அதுதான் தெரிகிறது. ஒன்று யோசித்துப் பார்: சித்தி அப்படிக் கேட்காமல் இருந்திருந்தால் இந்த நர்சிங் சீட்டை நீ எப்படிப் பார்த்திருப்பாய்?

செயின் விஷயத்தை நீயும் அம்மாவும் சேர்ந்து உட்கார்ந்து அப்பாவிடம் இந்த வாரமே சொல்லிவிடுங்கள். அவர் கோபப்படலாம். ஆனாலும் அந்த ரகசியத்தைச் சுமந்துகொண்டு நீ இன்னொரு தேர்வு எழுத வேண்டாம். அப்பா என்ன சொன்னார் என்று எனக்கு எழுது.